ஸ்பைடர்மேனுக்கு ஏழு முதலாம் இதழ்கள்: பழைய கொமிக்ஸ் வாங்குபவர்களும் விற்பவர்களும் கவனிக்க

"அமேசிங் ஸ்பைடர்மேன் முதலாம் நம்பர் இருக்கா?" என்று யாராவது கேட்டால், "எந்த வருசத்து முதலாம் நம்பர்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். கேட்டவர் ஒரு மாதிரிப் பார்ப்பார். ஆனால் கேட்காமல் முடியாது. 1963, 1999, 2014, 2015, 2018, 2022, 2025 என்று ஏழு முறை அந்தப் பெயரில் ஒன்றாம் இதழ் வந்திருக்கிறது. 1963 இல் 12 சதத்துக்கு விற்ற முதலாவதை இன்று நல்ல நிலையில் வாங்க வீடு வாங்கும் காசு வேண்டும். மற்ற ஆறின் சாதாரண அட்டைப் பிரதிகளை ஒரு நேரச் சாப்பாட்டுக் காசுக்குள் வாங்கிவிடலாம். அட்டையில் எல்லாவற்றுக்கும் ஒரே எண்தான்.

ரொறன்ரோவில் ஒரு கொமிக்ஸ் கடையில் பழைய இதழ்களை வாங்கி, தரம் பார்த்து, விலை போடுவது என் வேலை. முத்து, லயன் காமிக்ஸ் வாசித்து வளர்ந்த நம்மவர்கள் இப்போது பிள்ளைகளுக்காக மார்வல், டிசி என்ற அமெரிக்கப் பதிப்பகங்களின் பக்கம் வருகிறார்கள். அவர்களில் பலர் இந்த எண் விளையாட்டில் காசை விடுகிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு காலத்தில் நிலைமை தலைகீழாக இருந்தது. பத்திரிகைக் கடைக்காரர் ஒன்றாம் எண்ணைக் கண்டால் தயங்குவார். பெரிய எண் இருந்தால் நீண்டகாலமாக விற்கும் சரக்கு என்று நம்பி முன்வரிசையில் வைப்பார். புதுத் தலைப்புக்கு அஞ்சல் சலுகை பெற மறுபடி கட்டணமும் கட்டவேண்டும். அதனால் பதிப்பகங்கள் பெயரை மட்டும் மாற்றிவிட்டு எண்ணை அப்படியே தொடர்ந்தன. 1950 இல் வந்த வியர்ட் ஃபேன்டசி என்ற அறிவியல் கதை இதழின் முதல் இதழே 13ஆம் இதழ்தான். அதற்கு முந்தைய 12 இதழ்களும் வேறு பெயரில் வந்தவை, கடைசியில் காதல் கதைப் புத்தகமாக இருந்தவை. ஃபிளாஷ் 1949 இல் 104 உடன் நின்றது. பத்து வருடம் கழித்து, முகமூடிக்குள் வேறொரு ஆளோடு 105 ஆகத் திரும்பி வந்தது.

எழுபதுகளின் பிற்பகுதியில் கொமிக்ஸுக்கென்றே தனிக் கடைகள் பெருகின. பத்திரிகைக் கடை விற்காததைத் திருப்பி அனுப்பலாம், கொமிக்ஸ் கடை அனுப்ப முடியாது. எடுத்தது எடுத்ததுதான். வாங்குபவர்களும் மாறினார்கள்: வாசித்துவிட்டு எறிந்தவர்களின் இடத்தில் உறையில் போட்டுப் பெட்டியில் அடுக்குபவர்கள் வந்தார்கள். 1963 முதலாம் இதழின் விலையைக் கேள்விப்பட்டவர்களுக்கு ஒன்றாம் எண் என்றாலே முதலீடு என்று ஆகிவிட்டது. பதிப்பகங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. 1991 இல் ஐந்து விதமான அட்டைகளோடு வந்த எக்ஸ்-மென் முதலாம் இதழுக்கு எண்பது லட்சத்துக்கு மேல் ஆர்டர் போனது.

அந்த எண்பது லட்சத்தில் கணிசமான பங்கு இன்னும் ரொறன்ரோ வீடுகளின் நிலவறைகளில் கிடக்கிறது என்று நான் சத்தியம் செய்வேன். ஸ்காபரோவிலிருந்து ஒரு அண்ணை பெட்டியோடு வந்தார். "தம்பி, எல்லாம் முதலாம் நம்பர் எல்லோ? மகளின்ர கம்பஸ் பீஸுக்கு உதவும் எண்டு முப்பது வருசமா ஈரம் படாம வச்சிருக்கிறன்." பெட்டிக்குள் அந்த எக்ஸ்-மென்னில் ஐந்து அட்டைகளும் இருந்தன, ஒவ்வொன்றிலும் பல பிரதிகளாக. பிரதிகளில் ஒரு குறையும் இல்லை, நாலாபக்க மூலையும் கத்தியால் வெட்டினதுபோல. பிரச்சினை, அவரைப் போலவே லட்சக்கணக்கானோர் பத்திரமாக வைத்திருந்ததுதான். கடையின் மலிவுப் பெட்டி விலைக்கு மேல் என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை. "அண்ணை, இதைப் பிள்ளைக்கு வாசிக்கக் குடுங்கோ" என்றேன். அவர் பெட்டியைத் திரும்பக் கொண்டுபோய்விட்டார்.

சேகரிப்பாளர்கள் உண்மையில் துரத்தும் இதழ்களின் எண்களைப் பாருங்கள். ஸ்பைடர்மேன் முதலில் தோன்றியது அமேசிங் ஃபேன்டசி 15 (1962). பேட்மேன் டிடெக்டிவ் கொமிக்ஸ் 27 (1939). வுல்வரின் முழுமையாக வந்தது ஹல்க் 181 (1974). இன்னொரு ஸ்பைடர்மேனான மைல்ஸ் மொராலிஸ் அல்டிமேட் ஃபோல்அவுட் 4 (2011). எதுவும் ஒன்றாம் எண் அல்ல. அந்த மாதம் யாரும் பெரிதாக எதிர்பார்க்காமல் வந்தவையே பிறகு விலை ஏறின. எல்லோரும் எதிர்பார்த்து வாங்கியவை ஏறவில்லை. 2014 ஸ்பைடர்மேன் ஒன்றாம் இதழைக் கொஞ்சம் கூடுதலாகத் தேடுகிறார்கள் என்றால், பிறகு சில்க் என்ற நாயகியாகும் சிண்டி மூன் அதில் தலைகாட்டுகிறாள் என்பதால்தான்.

இனி எண் துள்ளும் கணக்கு. இதில்தான் தொகுப்பை முழுமையாக்க நினைப்பவர்கள் அதிகம் சிக்குகிறார்கள். ஆக்சன் கொமிக்ஸ் 1938 இல் தொடங்கி 2011 இல் 904 வரை வந்தது. அந்த செப்டெம்பரில் டிசி 52 தலைப்புகளையும் ஒன்றிலிருந்து தொடங்கியது. புதிய ஆக்சன் 52 இதழ் ஓடியபின், 2016 இல் பழைய கணக்கோடு இதையும் கூட்டி 957 என்று அச்சிட்டார்கள். 2018 இல் 1000ஆம் இதழ் வேண்டுமே! ஆக, 905 முதல் 956 வரை எண் போட்ட ஆக்சன் கொமிக்ஸ் உலகத்தில் எங்குமே இல்லை. டிடெக்டிவ் கொமிக்ஸில் 882 முதல் 933 வரை அதே கதை. ஸ்பைடர்மேன் 1998 இல் 441 உடன் நின்றது. 1999 இல் ஒன்றிலிருந்து தொடங்கி 58 வரை போனதும், 2003 இல் 500 என்று வந்தது. இடைப்பட்ட எண்கள், 2001 இல் வந்த 30ஆம் இதழில் 471 என்று கூடவே போட்ட மாதிரி, வந்தால் துணை எண்ணாக மட்டுமே வந்தன.

"இந்த 52 மட்டும் எங்கயும் கிடைக்குதில்லை" என்று அச்சிட்ட பட்டியலோடு வந்தவர்களை எனக்குத் தெரியும். கிடைக்காது. 2011 தொடரின் 1 முதல் 52 வரை வாங்குங்கள், பட்டியல் நிறைந்துவிடும்.

2017 இல் மார்வலும் பழைய எண்களுக்குத் திரும்பி, மறு வருடமே ஒன்றுக்குப் போனது. அப்போதிருந்து பல அட்டைகளில் பெரிதாக ஒரு எண்ணும், அருகே எல்ஜிஒய் என்ற எழுத்துகளோடு சின்னதாகப் பழைய தொடர் எண்ணும் வருகின்றன. 2022 ஸ்பைடர்மேன் ஒன்றாம் இதழில் சின்ன எண் 895. நடுவில் சுப்பீரியர் ஸ்பைடர்மேன் என்ற வேறு பெயரில் வந்த இதழ்களையும் சேர்த்தால்தான் அந்தக் கணக்கு ஒட்டும். நீங்களே கூட்டிப் பார்க்க வேண்டாம், தலை சுற்றும்.

சேகரிக்காமல் வாசிக்க மட்டும் வருபவருக்கு இடி வேறு பக்கத்தில். மார்க் வெய்ட் எழுதிய டேர்டெவில் 2011 இல் ஒன்றாம் இதழோடு தொடங்கி, 2014 இல் 36 உடன் முடிந்தது. அடுத்த மாதம் அதே எழுத்தாளர், அதே ஓவியர், அதே கதையின் தொடர்ச்சி, அட்டையில் மறுபடி ஒன்று. தொகுப்புப் புத்தகங்களிலும் அப்படியே முதல் தொகுதி இரண்டு தடவை வந்தது. படம் பார்த்துவிட்டு ஆசையோடு வந்து, இரண்டாவது 'முதல் தொகுதியை' எடுத்துப் போகும் பிள்ளை, நடுக்கதையில் விழுந்து, கொமிக்ஸே புரியாது என்று விட்டுவிடும். 2015 இல் ஒரே வருடத்தில் இரண்டு முறை ஒன்றாம் இதழ் கண்ட ஸ்குவிரல் கேர்ல், 'இந்த வருடத்தில் இதுவரை எங்கள் இரண்டாவது ஒன்றாம் இதழ் மட்டுமே' என்று அட்டையிலேயே நக்கல் அடித்தது. பதிப்பகம் தன்னைத் தானே கேலி செய்யலாம். பிழையான புத்தகத்துக்குக் காசு கொடுத்தவருக்குச் சிரிப்பு வராது.

கடைகளுக்கும் இதனால் கொண்டாட்டம் இல்லை. ஒன்றாம் இதழுக்கு ஆர்டர் எகிறும், இரண்டாவதிலேயே சரியும். சாதாரண அட்டையில் 25 அல்லது 50 பிரதி எடுத்தால்தான் வேறு படம் போட்ட ஒரு அபூர்வ வேரியன்ட் அட்டைப் பிரதி தருவார்கள். அந்த ஒன்றுக்காக எடுத்த மிச்சம் முழுவதும் மலிவுப் பெட்டிக்குப் போகும். ஒரு டொலர் பெட்டிகள் ஒன்றாம் இதழ்களால் நிரம்பி வழிவது ஏன் என்று இப்போது விளங்கும். மாதாமாதம் எடுத்துவைக்கச் சொன்ன வாடிக்கையாளர்களில் சிலர், "சரி, ஸ்பைடர்மேன் 700ஓட என்ர கணக்கு முடிஞ்சுது" என்று அங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள். புது ஆட்களை இழுக்கும் அதே எண், பழையவர்களுக்கு விடைபெற நல்ல சாட்டு.

இணையத்தில் வாங்கும்போது அட்டைப் படத்தை மட்டும் நம்பவேண்டாம். முதல் பக்கத்தின் அடியிலோ உள்ளட்டையிலோ பொடி எழுத்தில் தலைப்பு, எண், மாதம், வருடம் இருக்கும். அந்த வருடம்தான் இதழின் அடையாளம். 'வால்யூம் 3', 'வால்யூம் 5' என்று விற்பவர் எழுதுவதை வைத்து முடிவெடுக்காதீர்கள். சமீபத்திய மார்வல் இதழ்கள் பலவற்றில் அப்படி அச்சிடுவதே இல்லை, வாசகர்கள் எண்ணி வைத்த கணக்கு அது. கிராண்ட் கொமிக்ஸ் டேட்டாபேஸ் என்ற இலவசத் தளம் ஒவ்வொரு தொடரையும் தொடங்கிய வருடத்தோடு பட்டியலிடுகிறது. அட்டைப் படத்தை அதில் ஒப்பிடலாம்.

புதிய இதழ்களில் பார்கோட்டின் ஓரத்தில் ஐந்து சின்ன இலக்கங்கள் தனியாக நிற்கும். முதல் மூன்று இதழ் எண், நாலாவது எந்த அட்டை, ஐந்தாவது எத்தனையாம் அச்சு. 00111 என்றால் ஒன்றாம் இதழ், வழக்கமான அட்டை, முதல் அச்சு. 00121 வேறு அட்டை. 00112 இரண்டாம் அச்சு. முதல் அச்சு என்று சொல்லி இரண்டாம் அச்சை அனுப்பும் விற்பனையாளர் இந்த மூலையைத்தான் படத்தில் காட்டமாட்டார். தரச்சான்று பெற்றுப் பிளாஸ்டிக்கில் அடைத்த பிரதி என்றால், உச்சியில் உள்ள சீட்டில் மாதமும் வருடமும் இருக்கும், பத்துக்கு 9.8 என்ற தரப் புள்ளியைப் பார்த்து மயங்க முதல் அதைப் பாருங்கள். புதிய ஒன்றாம் இதழ்களில் 9.8 கிடைப்பது பெரிய விசயமும் அல்ல, அச்சகத்திலிருந்து நேரே உறைக்குள் போனவை அவை.

பொடி எழுத்துக்கு ஒரு படம், பார்கோட்டுக்கு ஒரு படம் கேளுங்கள். அனுப்பச் சுணங்கினால் விட்டுவிடுங்கள். 1999க்குப் பிந்தைய எந்த ஸ்பைடர்மேன் ஒன்றாம் இதழுக்கும் சந்தையில் தட்டுப்பாடு இல்லை.