பொறுப்புணர்வு இருக்கட்டும், கணக்கு எங்கே?

போன மாதம் ஒரு போதகர் கருத்தரங்கில் உட்கார்ந்திருந்தேன். தலைப்பு 'ஆரோக்கியமான சபை'. பேசியவர் ஆங்கிலத்தில் 'அக்கவுண்டபிலிட்டி' என்று சொல்லும்போதெல்லாம், பக்கத்தில் நின்று மொழிபெயர்த்த தம்பி 'பொறுப்புணர்வு' என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பதினோரு முறை எண்ணினேன், அப்புறம் விட்டுவிட்டேன். "தலைவர்களுக்குப் பொறுப்புணர்வு வேண்டும்" என்றதும் முன்வரிசைப் போதகர்கள் எல்லாரும் உரக்க ஆமென் போட்டார்கள்.

'அக்கவுண்டபிலிட்டி' என்ற சொல்லின் வேர் எளிது. எண்ணிக் கணக்கிடுவதைக் குறிக்கும் லத்தீன் வினை, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'அக்கவுண்ட்' ஆனது. கம்ப்யூட்டருக்கும் அதே வேர்தான். ஒருவர் கேட்பார், மற்றவர் கணக்குச் சொல்லியாக வேண்டும்.

பொறுப்புணர்வில் அந்தக் கேட்கிற ஆளே கிடையாது. அது நெஞ்சுக்குள் இருக்கிற சங்கதி. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து சபைக்காக ஜெபிக்கிற, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்குகிற போதகருக்கு அது நிறையவே இருக்கும். அவரிடமே போய், காணிக்கை எவ்வளவு வந்தது, டிரஸ்டில் உங்கள் மனைவியும் மகனும் மட்டும்தான் இருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். "நான் தேவனுக்குத்தான் பதில் சொல்வேன்" என்பார், கூடவே 'நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும்' என்ற பைபிள் சங்கீத வசனமும் வரும். அந்த 105ஆம் சங்கீதம், ஊர் ஊராய்ப் பரதேசிகளாகத் திரிந்த ஆபிரகாம் முதலான முற்பிதாக்களுக்குத் தீங்கு செய்யாதபடி ராஜாக்களை எச்சரித்ததைச் சொல்கிறது. வரவு செலவு கேட்கிற விசுவாசிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அப்போஸ்தலன் பவுல் ஏழைச் சபையாருக்காகத் தர்மப்பணம் சேர்த்தபோது, 'கர்த்தருக்கு முன்பாகமாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும்' யோக்கியமாய் நடக்க நாடுகிறோம் என்றுதான் எழுதினார்.

சொல்லைச் சரியாகப் போட்டால் மட்டும் சபை திருந்திவிடும் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து மார்ஸ் ஹில் சபையின் மேற்பார்வைக் குழுவுக்குப் பெயரிலேயே 'அக்கவுண்டபிலிட்டி' இருந்தது. அந்தக் குழு அமைவதற்குச் சில வருடம் முன்பு, 2007இல், அதிகாரத்தைச் சிலர் கையில் குவிக்கிற விதிமாற்றத்தை எதிர்த்த இரண்டு மூப்பர்கள் நீக்கப்பட்டிருந்தார்கள். தலைமைப் போதகர் மார்க் டிரிஸ்கால் 2014 அக்டோபரில் விலகினார், சில மாதங்களில் சபையே கலைந்தது. அங்கே சொல் இருந்தும் இந்தக் கதி. நாமோ சொல்லையே பல் பிடுங்கிக் கையில் கொடுக்கிறோம்.

இலங்கைத் தமிழர்கள் 'பொறுப்புக்கூறல்' என்கிறார்கள். போர்க்கால மனித உரிமைப் பேச்சில் நன்றாக ஊன்றிவிட்ட சொல், 'கூறல்' இருப்பதால் எதிரே கேட்பவரும் இருக்கிறார். பொறுப்புணர்வைவிட நூறு மடங்கு மேல். ஆனால் சபைக்குள் புதிதாக ஒன்றை இறக்குவானேன்? 'நம்மில் ஒவ்வொருவனும் தன்னைக்குறித்துத் தேவனுக்குக் கணக்கொப்புவிப்பான்' என்று நம் தமிழ் பைபிளிலேயே ரோமர் 14இல் இருக்கிறது. 'உன் உக்கிராணக்கணக்கை ஒப்புவி' என்று லூக்காவில் எஜமான் தன் சொத்தைப் பார்த்துக்கொள்கிற உக்கிராணக்காரனிடம் கேட்கிறார். ஞாயிறு தவறாமல் வருகிற பாட்டிக்குக்கூடத் தெரிந்த சொல், கணக்கொப்புவித்தல்.

எபிரெயர் 13:17, சபையை நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படியச் சொல்கிற வசனம். அந்த நடத்துகிறவர்களும் சபையாரின் ஆத்துமாக்களுக்காகக் கணக்குச் சொல்ல வேண்டியவர்கள் என்ற கருத்துக்கு அங்கே 'உத்தரவாதம்' என்று போட்டிருக்கிறார்கள். உத்தரம் என்றால் மறுமொழி. அழகான சொல், ஆனால் இன்று உத்தரவாதம் என்றதும் மிக்ஸிக்குக் கொடுக்கிற வாரண்டிதான் நினைவுக்கு வருகிறது. அதன் தம்பி 'உத்தரவு' நிலைமை இன்னும் மோசம். 1 பேதுருவில் 'உத்தரவு சொல்ல' என்றால் பதில் சொல்ல. இப்போது உத்தரவு என்றால் கட்டளை. பதில் சொல்லுகிற சொல்லே அதிகாரம் பண்ணுகிற சொல்லாகிவிட்டது! கீழ்ப்படியச் சொல்லும்போது மட்டும் அந்த எபிரெயர் வசனத்தை எடுக்கிறவர்கள், நடுவில் இருக்கிற இந்த உத்தரவாதத்தைத் தாண்டித்தான் போகிறார்கள்.

டீ இடைவேளையில் தம்பியிடம் இதைச் சொன்னேன். "அண்ணே, கணக்குன்னா எல்லாரும் பணம்னு நெனச்சிருவாங்களே" என்றார். ரோமர் வசனத்தில் பணமே இல்லையே, ஆளைப் பற்றித்தானே கணக்கு என்றேன். அப்படியே பணம் என்று நினைத்தாலும் என்ன, முதலில் அதையாவது கேட்கட்டுமே.