கடைசியாகப் பரிமாறியவர் மேல் பழி போடாதீர்கள்

நான் குடல், இரைப்பை மருத்துவர் என்பதால், புத்தரின் கடைசி உணவைப் பற்றிப் பலரும் என்னிடம் கேட்பார்கள். பாவா நகரில் கொல்லர் சுந்தன் படைத்த ‘சூகரமத்தவம்’ அது. உண்ட பின் இரத்தப்போக்கும் கடும் வலியும் வந்தன. அப்படியும் குசிநாரா வரை நடந்து, அங்கே மறைந்தார்.

சூகரம் என்றால் பன்றி, மத்தவம் என்றால் மென்மை. சரி, என்ன உணவு அது? பழைய உரைகளே ஒத்துப்போகவில்லை. இளசும் முற்றலும் அல்லாத பன்றியின் இறைச்சி, பன்றி மிதித்த மூங்கில் குருத்து, பன்றி மிதித்த மண்ணில் முளைத்த காளான், ஏதோ காயகல்ப மருந்து என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இந்த நிகழ்ச்சியைத் தவிர புத்தரின் போதனைகளைச் சொல்லும் வேறெந்தச் சூத்திரத்திலும் இந்தச் சொல் வராததால் தீர்ப்புச் சொல்ல வழியில்லை.

உணவு நஞ்சானதா என்றறிய, உடன் சாப்பிட்டவர்களுக்கும் உடம்பு கெட்டதா என்று கேட்போம். இங்கே அதுவும் முடியாது. தனக்கு மட்டும் பரிமாறச் சொன்ன புத்தர், மிச்சத்தைக் குழியில் புதைக்கச் சொல்லிவிட்டார்.

என் கண்ணில் பட்டது பழைய உரையாசிரியர் ஒருவரின் இன்னொரு வரி: உண்ட பின் வந்த நோய், உண்டதால் வந்ததல்ல. இந்த நிகழ்ச்சியைச் சொல்லும் மகாபரிநிப்பான சூத்திரமும் அதற்கு இடம் தருகிறது. அப்போது புத்தருக்கு வயது 80. அதற்கு முந்தைய மழைக்காலத்திலேயே வேளுவ கிராமத்தில் சாவின் விளிம்பு வரை நோயுற்றிருந்தார்.

அவசரப் பிரிவு வாசலில் இதே குழப்பத்தை அடிக்கடி பார்க்கிறேன். பெரியவர் இரத்தமாகப் போய் மயங்கி உள்ளே கிடப்பார். வெளியே மருமகளைச் சுற்றி நின்று, “நேத்து ராத்திரி என்னம்மா குடுத்தே?” என்று குடைவார்கள். அந்தப் பெண் ரசம் சாதம் என்று சொல்லிச் சொல்லி அழுவாள். உண்மையில் மூட்டுவலி மாத்திரையால் வந்த புண், இரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, குடலுக்கு இரத்த ஓட்டம் குறைவது, மாதக்கணக்கில் வளர்ந்த கட்டி என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம்.

சுந்தனுக்கும் இந்த நிலை வரும் என்று புத்தருக்குத் தெரிந்திருந்தது. வலியோடு படுத்திருந்தபோதே சீடர் ஆனந்தரை அழைத்து, சுந்தன் மனம் வருந்தாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். ஞானம் பெறுமுன் உண்ட உணவுக்கும் இந்த உணவுக்கும் பலன் ஒன்றே என்று அவனிடம் சொல்லச் சொன்னார். அந்தச் சூத்திரத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்.

மலம் தார் போலக் கறுத்தோ இரத்தமாகவோ போனால், காரணம் தேடிக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள். உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். பெரியவர் சாப்பிடும் மாத்திரை அட்டைகள் அத்தனையையும் எடுத்து வாருங்கள், கடையில் தானாக வாங்கிய வலி மாத்திரை உட்பட. என்ன சாப்பிட்டார் என்பதை நாங்கள் கேட்டுக்கொள்கிறோம், சமைத்தவரை விட்டுவிடுங்கள்.