பேலட்: சோகப்பாட்டு அல்ல, கதைப்பாடல்

அமெரிக்காவின் 'கன்டரி' வகை இசையில் வந்த பழைய இசைத்தட்டுகளைத் தமிழில் அறிமுகப்படுத்துகிறவர்கள், அவற்றில் உள்ள 'பேலட்' பாட்டுகளைச் 'சோகமான நாட்டுப்புறக் காதல் கீதங்கள்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இதில் 'நாட்டுப்புற' தவறு, 'காதல்' தவறு, 'கீதங்கள்' வெறும் அலங்காரம். 'சோகமான' என்பதை மட்டும் போனால் போகட்டும் என்று விடலாம். அதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது.

பேலட்டின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிற்கால லத்தீனில் 'பல்லாரே' என்றால் ஆடுதல். அதிலிருந்து தென் பிரான்சின் பழைய புரொவென்சால் மொழியில் 'பலாதா', ஆட்டப்பாட்டு. பாலே நடனமும் இதே வேரில் வந்ததுதான். ஆங்கிலத்துக்கு வந்தபின் ஆட்டம் உதிர்ந்து, கதை சொல்லும் பாட்டு என்ற பொருள் நிலைத்தது. ஹார்வர்டு பேராசிரியர் ஃபிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு 1882 முதல் 1898 வரை தொகுத்து வெளியிட்ட 305 பாடல்களும் இந்தப் பொருளில்தான் பேலட். இதற்கிடையே, 19ஆம் நூற்றாண்டில் வீட்டுக்கூடங்களில் பியானோவுடன் பாடிய உருக்கப் பாட்டுகளுக்கும் அந்தப் பெயரை ஒட்டினார்கள். மெதுவான காதல் பாட்டையெல்லாம் பேலட் என்னும் இன்றைய பாப் வழக்கு அந்த வழியில் வந்தது. நம்மவர்கள் பிடித்துக்கொண்டது இந்தக் கடைசிப் பொருளை மட்டும்.

கன்ட்ரி பாடகர்களான லூவின் சகோதரர்கள் 1956இல் கேப்பிட்டல் நிறுவனத்தில் வெளியிட்ட 'ட்ராஜிக் சாங்ஸ் ஆஃப் லைஃப்' இசைத்தட்டை எடுத்துக்கொள்வோம். அலபாமாவின் சாண்ட் மவுண்டன் பகுதிக்காரர்கள். ஐரா மாண்டலின், சார்லி கிட்டார். மொத்தம் 12 பாட்டு. அதில் 'நாக்ஸ்வில் கேர்ள்' காதல் கீதமா? ஞாயிறுதோறும் பார்த்துவந்த பெண்ணை ஒருவன் மாலை நடைக்கு அழைத்துப் போகிறான், கட்டையால் அடித்துக் கொல்கிறான், கூந்தலைப் பிடித்து இழுத்துப் போய் ஆற்றில் தள்ளுகிறான். சட்டையில் ஏது ரத்தம் என்று தாய் கேட்கும்போது மூக்கில் வந்தது என்கிறான். கடைசியில் சிறை. பல்லவி கிடையாது. எந்தக் கண்ணியையும் இடம் மாற்ற முடியாது. மாற்றினால் கதை உடையும்.

சோதனையும் அதுதான். கண்ணிகளைக் கலைத்துப் போட்டும் பாட்டு நின்றால் அது தன்னுணர்ச்சிப் பாட்டு, நிற்காவிட்டால் கதைப்பாடல். இதே தட்டில் 'இன் த பைன்ஸ்' கலைத்தாலும் பெரிதாகக் கெடாது. 'கென்டக்கி' வெறும் ஊர் ஏக்கம். ஆக 12ஐயும் 'பேலட்' என்பது ஆங்கிலத்திலேயே தாராளம்.

சோகத்தின் வில்லங்கம் மெட்டில் இருக்கிறது. நாக்ஸ்வில் பெண்ணின் மெட்டு பொதுவாக மகிழ்ச்சியாக ஒலிக்கும் மேஜர் ஸ்கேலில், மூன்று தட்டு வால்ட்ஸ் நடன நடையில் போகிறது. குரலில் விம்மல் இல்லை. அண்ணன் மேலே, தம்பி கீழே என்று இரு குரலும் ஒட்டியே நகர்கின்றன. முகாரியை எதிர்பார்த்துக் கேட்பவருக்கு ஏமாற்றம்தான். துயரம் நடந்ததில் இருக்கிறது, பாடும் விதத்தில் இல்லை. 'சோக கீதம்' என்றதும் வாசகர் தேடுவது விம்மலை.

'ஒப்பாரி' என்று பெயர்க்கிறவர்களுக்கு இது இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். ஒப்பாரி செத்தவரை விளித்து அழுவது. பேலட் கேட்பவரிடம் நடந்ததைச் சொல்வது.

நல்ல சொல் கையிலேயே இருக்கிறது. நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலை கட்டபொம்மன், முத்துப்பட்டன் கதைகளைப் பதிப்பித்த காலத்திலேயே 'கதைப்பாடல்' ஊன்றிவிட்டது. நம்முடையது விடிய விடிய வில்லுப்பாட்டில் ஓடுவது, காப்பில் தொடங்கி வாழியில் முடிவது. அவர்களுடையது மூன்று நிமிடம், அதற்கு எப்படி இந்தப் பெயர் என்று கேட்பார்கள். அந்த மூன்று நிமிடம் பத்து அங்குல இசைத்தட்டு வைத்த அளவு. நாக்ஸ்வில் பெண்ணின் மூதாதை, 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தாளில் அச்சிட்டு விற்ற மாவு ஆலைக்காரன் கதை, பல மடங்கு நீளம். அதில் அவள் கருவுற்றிருப்பதும் திருமண நெருக்குதலும் வருகின்றன. கடல் தாண்டியதில் காரணம் உதிர்ந்து கொலை மட்டும் மிஞ்சியது. தட்டில் உள்ள 'மேரி ஆஃப் த வைல்டு மூர்' குழந்தையோடு தந்தை வீட்டு வாசலில் குளிரில் சாகும் பெண்ணின் கதை. நல்லதங்காளைக் கேட்டவருக்கு அதன் இனத்தை விளக்க வேண்டியதில்லை.

கொலையைப் பாடும் வகைக்கு, கொலைச் செய்திகளைப் பாடிய நம் 'கொலைச் சிந்து' பெயரையே போடலாமே என்பது ஆசைப்படத்தக்க யோசனை. மலிவுத் தாள், சந்தையில் பாடி விற்பது, முடிவில் புத்திமதி எல்லாம் ஒத்துப்போகிறது. ஆனால் சிந்து ஒரு யாப்பின் பெயர். வால்ட்ஸுக்கு அதைச் சூட்டினால் இரண்டும் குழம்பும். 'கொலைக் கதைப்பாடல்' என்று எழுதி, நம் கொலைச் சிந்துக்கு உறவு என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

'கன்ட்ரி'யை மொழிபெயர்க்காமல் அப்படியே எழுதுவோம் என்றால் தனித்தமிழ் அன்பர்கள் கோபிப்பார்கள், கோபிக்கட்டும். நாட்டுப்புற இசை என்பது வேறு. கன்ட்ரி நிறுவனங்கள் பதிவுசெய்து, உரிமத்தொகை கணக்கிட்டு விற்ற வகை. அமெரிக்க இசை வணிக இதழான பில்போர்டே 1949இல் 'ஃபோக்' என்ற தலைப்பை விட்டு 'கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்' என்று மாற்றிக்கொண்டது. அவர்கள் கழற்றிய சட்டையை நாம் எடுத்து மாட்டுவானேன்? ஜாஸையும் ப்ளூஸையும் அப்படியே எழுதுகிற கை இதற்கு மட்டும் ஏன் அகராதியைத் தேடுகிறது? அகராதியில் முதலில் கண்ட பொருளை ஒட்டுவதை மொழிபெயர்ப்பு என்று நினைக்கும் வழக்கம் பெருகிவிட்டது.

ஆகவே இவை 'கன்ட்ரி கதைப்பாடல்கள்'. துயரத்தைச் சொல்லியே தீர வேண்டுமென்றால் 'துயரக் கதைப்பாடல்கள்'. ராக் குழுக்களின் 'பவர் பேலட்' இந்தக் கணக்கில் வராது. அதில் கதை இல்லை. அதை 'உருக்கப் பாட்டு' என்று தனியே வைத்துக்கொள்ளலாம்.