ரவை தூவிய படம்

பெங்களூரு சிட்டி மார்க்கெட்டில் பூ வியாபாரம் பொழுது விடிவதற்கு முன்பே களைகட்டிவிடும். பெயர்ப்பலகையில் கே.ஆர். மார்க்கெட் என்று இருந்தாலும், அல்சூரில் எங்கள் தெருவில் எல்லோருக்கும் அது சிட்டி மார்க்கெட்தான். அங்கே தர்மபுரிப் பக்கத்து அக்கா ஒருவர் ஒற்றை எல்இடி பல்புக்குக் கீழே உட்கார்ந்து மல்லிகை தொடுத்துக்கொண்டிருப்பார். நான்கு மொட்டு, ஒரு சுற்று, ஒரு முடிச்சு. கையைப் பார்க்காமலேயே வாடிக்கையாளரிடம் விலை பேசுவார். போனில் மட்டுமே படம் எடுத்துப் பழகிய நான், லென்ஸ் மாற்றக்கூடிய மிரர்லெஸ் கேமரா வாங்கியதும் முதலில் எடுக்க ஆசைப்பட்டது அந்தக் கைகளைத்தான்.

படம் எவ்வளவு பிரகாசமாக வர வேண்டும் என்று கேமராவில் வைக்கும் எண்தான் ஐஎஸ்ஓ. 'ஐஎஸ்ஓ-வை ஏற்றினால் படம் கெட்டுவிடும்' என்று கேமரா வைத்திருக்கும் நண்பர்கள் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். அதனால் அதை 400-இல் நிறுத்திவிட்டு, கேமராவோடு வந்த கிட் லென்ஸில் துளையின் அளவு எஃப்/5.6, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/60 நொடி என்று வைத்து எடுத்தேன். படம் இருட்டாக வந்தது. சரி, வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று லேப்டாப்பில் வெளிச்சத்தை 8 மடங்கு ஏற்றி, பிரிண்ட் போட்டு, அடுத்த வாரம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா பல்புக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். "என்ன தம்பி, மூஞ்சி மேல ரவை தூவின மாதிரி இருக்கு?" என்றார்.

அவர் சொன்னது அவ்வளவு சரியாக இருந்தது. கன்னத்தில், புடவை மடிப்பில், பின்னால் இருந்த இருட்டில், எங்கும் பொடிப்பொடியாகப் புள்ளிகள். ஐஎஸ்ஓ-வை இவ்வளவு குறைவாக வைத்தும் இந்த ரவை எங்கிருந்து வந்தது?

அதைப் புரிந்துகொள்ள 1905-க்குப் போக வேண்டும். உலோகத்தின் மீது ஒளி படும்போது எலக்ட்ரான்கள் வெளியேறும் விதத்தை விளக்க, ஒளி சின்னச்சின்னப் பொட்டலங்களாக வருகிறது என்று ஐன்ஸ்டைன் எழுதிய ஆண்டு அது. அந்தப் பொட்டலத்தைத்தான் இன்று ஃபோட்டான் என்கிறோம். அதே 1905-இல்தான் சிவசமுத்திரத்து நீர்மின்சாரம் பெங்களூருக்கு வந்து தெருவிளக்குகள் எரியத் தொடங்கின. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே அந்த மின்சாரம் கோலார் தங்கவயலுக்குப் போய்விட்டது. தங்கவயலில் வேர் உள்ள தமிழ்க் குடும்பங்கள் இந்த ஊரில் ஏராளம் என்பதால், இந்த இரண்டு 1905-களும் ஒன்றாக அமைந்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

கேமராவுக்குள் இருக்கும் சென்சார் ஒரு சிலிக்கான் தகடு. என்னுடையது ஏறக்குறைய 23.5 மி.மீ. அகலம், 15.6 மி.மீ. உயரம். அதில் 6000-க்கு 4000 என்று மொத்தம் 2 கோடியே 40 லட்சம் பிக்சல்கள். ஒரு ஃபோட்டான் சிலிக்கானுக்குள் புகுந்து உறிஞ்சப்பட்டால் ஓர் எலக்ட்ரான் கட்டவிழும். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் ஒவ்வொரு பிக்சலும் தன்னிடம் சேர்ந்த எலக்ட்ரான்களைத் தேக்கி வைத்துக்கொள்ளும். ஷட்டர் மூடியதும் அந்த அளவு மின்னழுத்தமாக மாறி, பெருக்கப்பட்டு, கடைசியில் எண்ணாகிறது. பிக்சலுக்கு நிறம் தெரியாது. அதனால் ஒவ்வொன்றின் மேலும் ஒரு வண்ண வடிகட்டியை ஒட்டியிருக்கிறார்கள். கோடக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. பாதிப் பிக்சல்களுக்குப் பச்சை, கால் பங்குக்குச் சிவப்பு, கால் பங்குக்கு நீலம். சிவப்பு ரோஜாவை எடுத்தால் கால் பங்குப் பிக்சல்களே ஒழுங்காக ஒளி வாங்கும், அவையும் சீக்கிரம் நிரம்பி வழிந்துவிடும். இதழ்களின் மடிப்பு தெரியாமல் ரோஜா ஒரே சிவப்புத் திட்டாக வருவது இதனால்தான்.

இப்போது ரவைக்கு வருவோம். மொட்டை மாடியில் தூறல் விழத் தொடங்கும் முதல் நிமிடத்தைக் கவனித்திருப்பீர்கள். ஓடு பதித்த தளமாக இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். ஓர் ஓட்டின் மேல் ஐந்து துளி, பக்கத்து ஓட்டில் இரண்டு, அதற்கடுத்ததில் ஒன்றுமே இல்லை. மழை எல்லா ஓட்டுக்கும் பொதுவாகத்தான் பெய்கிறது, ஆனால் துளிகள் தன்னிச்சையாக விழுகின்றன. கால் மணி நேரம் பெய்துவிட்டால் எல்லா ஓடும் ஒரே மாதிரி நனைந்திருக்கும். ஃபோட்டான்களும் அப்படித்தான். ஒரே வெளிச்சம் படும் கன்னத்தில் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் ஒரே எண்ணிக்கையைப் பெறுவதில்லை. ஒரு பிக்சலுக்குச் சராசரியாக 10,000 ஃபோட்டான் வந்தால், ஏற்றத்தாழ்வு அதன் வர்க்கமூலமான 100 அளவில் இருக்கும். அது வெறும் 1 சதவீதம், கண்ணுக்குத் தெரியாது. சராசரி 100-தான் என்றால் ஏற்றத்தாழ்வு 10. அது 10 சதவீதம். அதுதான் அக்கா பார்த்த ரவை.

இது மலிவான கேமரா, நல்ல கேமரா என்று பார்ப்பதில்லை. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் தூறல் தூறல்தான், அது ஒளியின் இயல்பு. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். நல்ல வெயிலில் 1 லட்சம் லக்ஸ் அளவுக்கு வெளிச்சம் இருக்கும். வீட்டு விளக்கின் கீழ் சில நூறு லக்ஸ் இருந்தாலே அதிகம். மார்க்கெட் பல்புக்குக் கீழே நான் எடுத்த படம் முதல் நிமிடத் தூறலில் எடுத்தது.

அப்படியானால் ஐஎஸ்ஓ என்ன செய்கிறது? அது வரும் ஒளியைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. ஷட்டர் மூடிய பிறகு, சேர்ந்த அளவை எத்தனை மடங்கு பெருக்கிக் காட்ட வேண்டும் என்பதைத்தான் பெரும்பாலும் சொல்கிறது. பிறகு ஏன் அதன் மேல் இந்தப் பழி? ஆட்டோவில் வைத்து ஐஎஸ்ஓ-வை ஏற்றினால், கேமரா உடனே ஷட்டர் நேரத்தைக் குறைக்கும் அல்லது லென்ஸின் துளையைச் சுருக்கும். உள்ளே வரும் ஒளி குறைகிறது, ரவை கூடுகிறது. நம் கண்ணில் படுவது ஐஎஸ்ஓ எண் மட்டும்தான், ஆகவே அதைக் குற்றவாளியாக்கிவிடுகிறோம். புதிதாகக் கேமரா வாங்குகிறவர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரைகளில் இதைப்போலத் தவறான திசையில் அனுப்புவது வேறில்லை என்றே நினைக்கிறேன்.

நானே சோதித்துப் பார்த்தேன். அதே அக்கா, அதே பல்பு, அதே எஃப்/5.6, அதே 1/60. ஒரு படம் ஐஎஸ்ஓ 400-இல் எடுத்து லேப்டாப்பில் 8 மடங்கு ஏற்றியது, இன்னொன்று நேரடியாக 3200-இல் எடுத்தது. இரண்டிலும் ரவை இருந்தது. ஆனால் 3200-இல் எடுத்த படத்தில் இருட்டுப் பகுதிகள் கொஞ்சம் சுத்தமாகவே இருந்தன. காரணம் உண்டு. எண்ணாக மாற்றும் கட்டத்தில் மின்சுற்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சலை, அதாவது தேவையற்ற ஏற்றத்தாழ்வை, சேர்க்கும். அதற்கு முன்பே பெருக்கிவிட்டால் அந்த இரைச்சல் பெருகுவதில்லை. லேப்டாப்பில் பெருக்கினால் எல்லாமும் சேர்ந்து பெருகும்.

ரவையை உண்மையாகவே குறைக்க வேண்டுமானால் ஒளியை உள்ளே விட வேண்டும், வேறு வழியில்லை. எஃப் எண் என்பது லென்ஸின் குவிய தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவது. எண் சிறிதானால் துளை பெரிது. பரப்பளவு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே எஃப்/5.6-இலிருந்து எஃப்/1.8-க்கு வந்தால் ஒளி மூன்று மடங்கு அல்ல, ஏறக்குறைய 10 மடங்கு கூடும். நண்பரிடமிருந்து 50 மி.மீ. எஃப்/1.8 பிரைம் லென்ஸை (ஜூம் இல்லாத லென்ஸ்) இரவல் வாங்கிக்கொண்டு போனேன்.

கிடைத்த ஒளியில் கொஞ்சத்தை ஷட்டருக்குச் செலவழிக்கலாம் என்று தோன்றியது. விரல்கள் முடிச்சுப் போடும் வேகத்தை நிறுத்திப் பிடிக்க 1/60 போதவில்லை. ஆசைப்பட்டு 1/500-க்குப் போனேன், அதுவும் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில். படத்தின் குறுக்கே கருப்புப் பட்டைகள் விழுந்தன! நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று ஓடுகிறது, சாதாரண எல்இடி பல்பு பலவும் நொடிக்கு 100 முறை கூடிக் குறைந்து எரிகிறது. எலக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை மேலிருந்து கீழாக வரிசை வரிசையாகப் படிக்கிறது. சில வரிசைகளுக்குப் பல்பு பிரகாசமாக இருந்த நேரம் வாய்த்தது, சிலவற்றுக்கு மங்கிய நேரம். ஷட்டரை 1/100-இல் வைத்தால் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு முழு ஏற்ற இறக்கம் கிடைத்துவிடும். வைத்தேன், பட்டைகள் போய்விட்டன. அந்த எண்ணை நான் மறக்கவே மாட்டேன்.

எஃப்/1.8, 1/100, ஐஎஸ்ஓ 640. முதல் படத்தைவிடச் சுமார் 6 மடங்கு ஒளி, ரவை ஏறக்குறைய இரண்டரை மடங்கு குறைவு. மல்லிகைக் குவியலை மட்டும் நெருக்கமாக எடுத்தபோது பூ சாம்பல் நிறத்தில் வந்தது. கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே கணக்குப் போடும் என்பதால், வெளிச்சத்தை ஒரு படி கூட்டியதும் மல்லிகை மல்லிகையானது.

புதிய பிரிண்டை அக்காவிடம் நீட்டினேன். வெகுநேரம் பார்த்தார். நூலை இழுக்கும் கட்டைவிரலில் பச்சைக் காம்பின் கறைகூடத் தெரிந்தது. முகத்தில் ரவை இல்லை. அப்புறம் படத்தின் ஓரத்தைத் தொட்டுக் காட்டி, "கனகாம்பரம் எங்க தம்பி? இங்கதானே வெச்சிருந்தேன், புகையா இருக்கே" என்றார்.

துளையைப் பெரிதாக்கினால் தெளிவாகத் தெரியும் ஆழம் குறையும். ஒரு மீட்டர் தூரத்தில் இந்த லென்ஸை எஃப்/1.8-இல் திறந்தால் முன்பின்னாகச் சுமார் 3 செ.மீ. மட்டுமே துல்லியமாக இருக்கும். விரலில் ஃபோகஸ் செய்தேன், முழங்கைக்குப் பின்னால் இருந்த கனகாம்பரம் ஆரஞ்சு நிறப் புகையாகிவிட்டது. பின்னணி மங்குவதை அழகு என்று கொண்டாடுகிறவர்கள் உண்டு. ஆனால் அந்தக் கனகாம்பரமும் அவர் விற்கக் கொண்டுவந்த பூதான்.

ஆகவே வரும் ஞாயிற்றுக்கிழமை எஃப்/4-இல் எடுக்கப்போகிறேன். ஒளி ஐந்தில் ஒரு பங்காகிவிடும். ஷட்டர் 1/100-ஐ விட்டு நகரக்கூடாது, எனவே ஐஎஸ்ஓ 3200-க்குப் போகும். ரவை பெரும்பாலும் திரும்பி வரும், கனகாம்பரமும் வரும்.