அக்ரூட் தோலுக்குத் துவர்ப்பு தரும் நொதி

"அக்ரூட் பருப்பை ஊறவைத்து, கசக்கிற தோலை உரித்துவிட்டுத்தான் பிள்ளைகளுக்குத் தருகிறேன். சரிதானா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். உரிக்காதீர்கள், அம்மா. பருப்பிலுள்ள பீனால் சேர்மங்களில் (தாவரங்கள் தம்மைக் காத்துக்கொள்ளச் செய்யும் வேதிப்பொருள்கள்) பெரும்பகுதி அந்தத் தோலில்தான் இருக்கிறது.

நாக்கைப் பிடித்திழுக்கும் அந்தத் துவர்ப்பு நமக்குக் கடுக்காயில் பழக்கமானதுதான். இரண்டிலும் இருப்பவை டானின்கள். ஒரு குளுக்கோஸைச் சுற்றிக் காலிக் அமில மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்ள, அவற்றில் சில தமக்குள் பிணைந்தால் எலாஜிடானின் என்ற டானின் வகை உருவாகும். அப்படியானால் காலிக் அமிலம் எங்கிருந்து வருகிறது?

என்னை மயக்கிய இடம் இதுதான். தாவரங்களிலும் நுண்ணுயிர்களிலும் ஷிகிமிக் அமிலப் பாதை என்றொரு வேதிவழி உண்டு. நம் உடலில் கிடையாது. அந்த வழியில் ஷிகிமேட் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதி நிற்கிறது. தன்னிடம் வரும் டிஹைட்ரோஷிகிமிக் அமிலத்துக்கு அது ஹைட்ரஜனைக் கொடுத்தால் ஷிகிமிக் அமிலம் பிறக்கும். அது மேலே போய்ப் புரதம் கட்டத் தேவையான ஃபீனைல்அலனைன் போன்ற அமினோ அமிலங்களாகும். அதே நொதி, அதே மூலக்கூறிடமிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொண்டால்? அந்த மூலக்கூறின் கார்பன் வளையம் பென்சீன் வளையமாக மாறி, காலிக் அமிலம் வந்துவிடும்! கொடுப்பதும் எடுப்பதும் ஒரே நொதி. அக்ரூட்டிலிருந்து இந்த நொதிக்கான மரபணுவைப் பிரித்தெடுத்துப் புகையிலைச் செடியில் புகுத்தியபோது, அதில் காலிக் அமிலம் பல மடங்கு கூடியது.

மரம் இதை நமக்காகச் செய்யவில்லை. ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை அஃப்ளடாக்சின் நஞ்சு சுரப்பதைத் தோலிலுள்ள காலிக் அமிலம் தடுக்கிறது. கலிபோர்னியாவின் 'டுலாரே' ரகம் இந்த எதிர்ப்பில் பேர்போனது. பருப்பு மூளை வடிவில் இருப்பதால் மூளைக்கு நல்லது என்கிறார்களே, அந்த வடிவ வாதத்துக்கு ஆதாரமே இல்லை. வடிவம் மருந்தாகாது. அக்ரூட்டின் நன்மையைத் தேடவேண்டிய இடம் அதன் வேதியியல். எலாஜிடானினிலிருந்து பிரியும் எலாஜிக் அமிலத்தை நம் குடல் பாக்டீரியாக்கள் யூரோலித்தின்கள் என்ற, உடல் எளிதில் உறிஞ்சும் சிறு மூலக்கூறுகளாக மாற்றுகின்றன. எவ்வளவு மாறும் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும்.

'சான்ட்லர்' என்ற அக்ரூட் ரகத்தின் முழு மரபணுத்தொகுதி 2016-இல் வெளியானது. ஆனால் விதையிலிருந்து வளரும் அக்ரூட் காய்க்கப் பத்தாண்டுகள்கூட ஆகலாம்; அதுவரை அதன் பருப்புத்தோலைச் சோதிக்க வழியில்லை. மூன்றாண்டு நிதி தந்துவிட்டு முடிவு கேட்பது மர ஆராய்ச்சிக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன். எந்த மரபணு வடிவம் தோலில் காலிக் அமிலத்தைக் கூட்டுகிறது என்று உறுதியாகத் தெரிந்துவிட்டால், கன்றின் ஓர் இலையைக் கிள்ளிச் சோதித்தே நல்ல மரத்தைத் தேர்ந்தெடுக்க முடியும்.