இயந்திரப் பதிவேடு: சோதனையின்போது எங்கே சிக்குகிறோம்?

பேரிங் சத்தம் போடுகிறது என்று மூன்று ஷிஃப்டுகள் தொடர்ந்து வாயால் சொல்லிவந்த ஃபிட்டர் ஒருவர், விபத்துக்குப் பிந்தைய விசாரணையில் ‘எழுத்தில் எங்கே?’ என்ற கேள்விக்குப் பதிலின்றி நின்றதைப் பார்த்திருக்கிறேன். லாக் புக்கில், அதாவது இயந்திரத்தின் அன்றாடப் பதிவேட்டில், ‘நார்மல்’ என்று எழுதியிருந்தவர் வேறொருவர். பழியோ ஃபிட்டர்மேல் விழுந்தது.

சட்டப் பின்னணி இவ்வளவுதான். ஆளேற்றும் லிஃப்டை 6 மாதத்துக்கு ஒருமுறையும் கிரேனை 12 மாதத்துக்கு ஒருமுறையும் தகுதி பெற்ற நபர் முழுமையாகச் சோதித்துப் பதிய வேண்டும் என்பதே இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வகுத்த முறை. பிரிட்டனின் 1998ஆம் ஆண்டு விதிகளிலும் இதே கால அளவுகள் உள்ளன. அபாயகரமான இரசாயனங்களைக் கையாளும் ஆலைகளுக்கான அமெரிக்க விதியோ ஒவ்வொரு சோதனைக்கும் தேதி, செய்தவர் பெயர், கருவியின் எண், செய்த சோதனை, முடிவு ஆகிய ஐந்தையும் கேட்கிறது. எந்த நாட்டில் இருந்தாலும் இந்த ஐந்தையும் எழுதிவைப்பது நல்லது.

6 மாதம் என்பது முந்தைய சோதனைத் தேதியிலிருந்து எண்ணப்படுவது. ஜனவரியில் ஒன்றும் டிசம்பரில் ஒன்றுமாக இரண்டு சான்றிதழ்களை வைத்துக்கொண்டு ‘ஆண்டுக்கு இரண்டு சரிதானே’ என்று வாதிட்டால், ஜூலை முதல் டிசம்பர் வரை லிஃப்ட் சான்றின்றி ஓடியதைத் தாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். சான்றிதழில் உள்ள எண் இயந்திரத்தின் பிளேட்டில் உள்ள எண்ணோடு பொருந்துகிறதா என்பதையும், சோதித்தவரின் அங்கீகாரம் அந்த வகை இயந்திரத்துக்கு அன்றைய தேதியில் நடப்பில் இருந்ததா என்பதையும் சான்றிதழ் கைக்கு வந்த அன்றே பார்த்துவிடுங்கள்.

அன்றாடப் பதிவில்தான் பெரும்பாலோர் சிக்குகிறார்கள். மாதக் கடைசியில் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் நிரப்பப்பட்ட முப்பது நாள் அளவீடுகளைத் தொழிற்சாலை ஆய்வாளர் ஒரே பார்வையில் கண்டுகொள்வார். கேஜ் (அளவுகாட்டும் கருவி) பழுது என்றால் ‘பழுது’ என்றே எழுத வேண்டுமே தவிர, நேற்றைய எண்ணை இன்று நகலெடுக்கக் கூடாது. இயந்திரம் ஓடாத நாளில் ‘ஓடவில்லை’ என்பதும் பதிவுதான், வெற்றுக் கட்டம் பதிவாகாது. பிழையை ஒரே கோட்டால் அடித்து, சரியானதை அருகில் எழுதித் தேதியிட்டுக் கையெழுத்திடுங்கள். ஒயிட்னர் பூசினால் உண்மையான திருத்தமும் மோசடியாகத் தெரியும். மேற்பார்வையாளர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் அடுத்தவர் வேலைக்கு நீங்கள் கையெழுத்திடாதீர்கள்.

1988இல் வடகடலின் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில், ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வு கழற்றப்பட்டிருந்த தகவல் இரவு ஷிஃப்டுக்குப் போய்ச் சேரவில்லை. அந்தப் பம்பை இயக்கியதில் தொடங்கிய விபத்தில் 167 பேர் இறந்தார்கள். ஆகவே ஷிஃப்ட் மாறும்போது, கழற்றிய பாகங்களையும் முடியாத வேலைகளையும் முதலில் எழுதுங்கள்.

ஒப்பந்ததாரர் செய்த பராமரிப்பின் தாள்களைக் கடைசித் தொகை கொடுப்பதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். பிறகு அவர் தொலைபேசியை எடுக்க மாட்டார். விபத்தில் பாதிக்கப்பட்டவர் பதிவேட்டின் நகலைக் கேட்டுப் போனால், ஆலை ‘ஆய்வாளரிடம் இருக்கிறது’ என்றும், ஆய்வாளர் அலுவலகம் ‘திருப்பிக் கொடுத்துவிட்டோம்’ என்றும் சொல்வது வாடிக்கை. இயந்திர எண்ணையும் தேதி வரம்பையும் குறித்து இரண்டு இடத்துக்கும் ஒரே நாளில் எழுத்தில் விண்ணப்பித்து, விண்ணப்பத்தின் நகலில் அவர்களின் முத்திரையும் பெற்றுக்கொள்ளுங்கள். பதிவேடு பறிமுதல் செய்யப்பட்டால், பக்க எண்கள் குறித்த ரசீது இல்லாமல் அதைக் கைமாற விடாதீர்கள்.