நிலைமதிப்புச் சார்பு: அது 'செயல்பாடு' இல்லை

போன மே மாதம் பாளையங்கோட்டையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு கோடை வகுப்பு. சதுரங்க எஞ்சின், அதாவது சதுரங்கம் ஆடுகிற கணினி நிரல், எழுதச் சொல்லித்தருகிறார்கள் என்று கூப்பிட்டார்கள். போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பாடம் எடுத்த தம்பி நல்ல விவரமானவர்தான். ஆனால் ஒரு மணி நேரத்தில் இருபது தடவையாவது 'மதிப்பீட்டுச் செயல்பாடு' என்று சொல்லியிருப்பார். முடிகிற நேரத்தில் ஒரு பையன் எழுந்தான்: "சார், அந்தச் செயல்பாட்ட நோட்டுலதான செய்யணும்?"

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் படிக்கிற பாடப்புத்தகத்தில் 'செயல்பாடு' என்றால் பாடத்துக்கு நடுவே கட்டம் கட்டிக் கொடுக்கிற வேலை. இலை பொறுக்கு, படம் ஒட்டு, குழுவாகப் பேசு. அவன் தமிழைச் சரியாகத்தான் புரிந்துகொண்டான். தப்பு சொல்லில்.

'இவால்யுவேஷன் ஃபங்ஷன்' என்பதைத்தான் அப்படிப் பெயர்த்திருந்தார்கள். பலகையில் காய்கள் நிற்கிற நிலையைப் பார்த்து, யார் கை எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்று ஒரே ஓர் எண்ணாகச் சொல்வது அது. சொல்லின் முன்பாதி, வலிமை, மதிப்பு என்ற பொருளுள்ள இலத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. பின்பாதிக்கு இலத்தீனில் 'செய்து முடித்தல்' என்று பொருள். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மன் கணித அறிஞர் லைப்னிட்ஸ் அதைக் கணிதத்துக்குள் இழுத்து, ஒரு வளைகோட்டைச் சார்ந்து மாறுகிற அளவுகளுக்குப் பெயராக வைத்தார். அன்றைக்கே அது செயலை விட்டுச் சார்புக்கு வந்துவிட்டது. வம்பு இங்கேதான். அகராதியில் முதல் பொருளைப் பார்த்துவிட்டு மூடிவைப்பவர்களுக்கு 'செயல்' மட்டும் கண்ணில் படுகிறது. நம் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் முதல் பாடத்துக்கே 'உறவுகளும் சார்புகளும்' என்றுதான் பெயர். மொழிபெயர்க்கிறவர் தான் படித்த புத்தகத்தையாவது ஒரு தடவை புரட்டியிருக்கலாம்.

சரி, 'சார்பு' என்றால் என்ன கெட்டுப்போகிறது, 'செயல்பாடு' என்றால் என்ன கெட்டுப்போகிறது? "பேர்ல என்ன அண்ணாச்சி இருக்கு, புரிஞ்சா சரிதான" என்றார் அந்தத் தம்பி, வெளியே டீ குடிக்கும்போது. புரியவில்லை என்பதுதானே என் புகார்.

மேலப்பாளையம் செவ்வாய்ச் சந்தையில் ஆட்டுத் தரகரைப் பார்த்திருப்பீர்கள். பல்லைப் பார்ப்பார், முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் விரலால் அழுத்துவார், லேசாகத் தூக்கிப் பார்ப்பார். "பன்னெண்டு கிலோ தேறும்" என்பார். அவர் ஆட்டை அறுக்கவில்லை, தராசில் ஏற்றவில்லை. அந்தப் பன்னிரண்டு, நிற்கிற ஆட்டை மட்டும் சார்ந்தது. விற்கிறவர் மச்சானா அந்நியனா என்று பார்த்து மாறாது. (விலை மாறும். அது வேறு கதை.)

எஞ்சினில் நடப்பதும் இதுதான். 1950இல் வெளியான கட்டுரையில் அமெரிக்கக் கணித அறிஞர் கிளாட் ஷானன் தந்த மாதிரிக் கணக்கைப் பாருங்கள்: ராஜாவுக்கு 200, ராணிக்கு 9, யானைக்கு 5, மந்திரிக்கும் குதிரைக்கும் 3, சிப்பாய்க்கு 1. ஒரே வரிசையில் முன்னும் பின்னும் நிற்கிற சிப்பாய், துணையில்லாத சிப்பாய், பின்தங்கிய சிப்பாய் ஒவ்வொன்றுக்கும் அரை கழிவு. நகர வழியுள்ள ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பத்தில் ஒரு பங்கு வரவு. வெள்ளைக்கு ஒரு சிப்பாய் கூடுதல், ஆனால் கழிவுக்கு உரிய சிப்பாய் ஒன்று, நகர்த்தல்கள் வெள்ளைக்கு 30, கறுப்புக்கு 24 என்று வையுங்கள். ஒன்றிலிருந்து அரை போக, கூடுதலான ஆறு நகர்த்தலுக்கு 0.6 சேர்த்தால் 1.1. அவ்வளவுதான். இதில் எந்தச் செயலும் இல்லை. எந்தக் காயும் நகரவில்லை.

நகர்த்திப் பார்க்கிற வேலை தேடலுடையது. 'நான் இப்படி, அவன் அப்படி' என்று கிளை கிளையாக இறங்கிப் போவது அது. கிளை நுனிக்குப் போனதும் சார்பைக் கேட்கிறது: இங்கே எவ்வளவு தேறும்? 1997இல் உலக சாம்பியன் காஸ்பரோவை வென்ற ஐ.பி.எம். கணினி டீப் புளூ விநாடிக்கு 20 கோடி நிலைகளை அலசியது. ஒவ்வொரு நுனியிலும் யோசித்துக்கொண்டு நிற்க முடியுமா? பார்த்தவுடன் எண் வரவேண்டும். அதனால் சார்பை வடிவமைக்கிறவருக்கு எப்போதும் ஒரே இழுபறி. கூடுதல் விவரம் சேர்த்தால் எண் செம்மையாகும், ஆனால் தேடல் ஆழம் குறையும்.

'செயல்பாடு' என்று கேட்டுப் பழகிய பிள்ளைகள் இந்த இரண்டையும் குழப்பினார்கள். ஒரு பெண் தன் நிரலில், எதிரியின் குதிரை ராணியை அடிக்கிற மாதிரி நின்றால் 9 கழி என்று சார்புக்குள்ளேயே எழுதியிருந்தாள். அடுத்த நகர்வில் அந்தக் குதிரையையே வெட்டிவிடலாம் என்றால்? வெட்டுக்குத்து நடந்துகொண்டிருக்கும்போது நிலையை மதிப்பிடக்கூடாது. வெட்டுகள் அடங்குகிறவரை தேடலை நீட்டி, அடங்கிய பிறகுதான் எண் கேட்கவேண்டும். துள்ளுகிற ஆட்டைத் தரகர் தூக்கிப் பார்ப்பாரா?

இன்னொன்று. 'மதிப்பீடு' என்பதே ஒரு செயலின் பெயர். ஒப்பீடு, வெளியீடு, கணக்கீடு மாதிரி அதிலுள்ள 'ஈடு', இடுதல் என்ற வினையிலிருந்து வந்தது. அதன் முதுகில் 'செயல்பாடு' என்று இன்னொரு செயலை ஏற்றினால் 'மதிப்பிடும் செயலைச் செய்கிற செயல்' என்று ஆகிறது. நமக்கு வேண்டியது செயல் அல்ல, அதில் கிடைக்கிற மதிப்பு. அதனால்தான் 'நிலைமதிப்பு' என்கிறேன். பள்ளிக் கணக்கில் வருகிற 'இடமதிப்பு' மாதிரியே இருப்பதால் பிள்ளைகள் வாயில் ஒட்டிக்கொள்ளும். நிலைமதிப்புச் சார்பு. நிரலில் எழுதுகிற துண்டை மட்டும் குறிக்கவேண்டுமென்றால் பதினொன்றாம் வகுப்புக் கணினிப் புத்தகத்திலுள்ள 'செயற்கூறு' இருக்கவே இருக்கிறது. அதில் எனக்குச் சண்டை இல்லை.

'சார்பு என்றால் கட்சி சார்பு மாதிரி ஒருதலைப்பட்சம் ஆகிவிடாதா' என்று ஒரு நண்பர் கேட்டார். கணக்குப் பாடத்தில் அப்படி யாரும் மயங்கவில்லையே. தூய தமிழில்தான் எல்லாம் வேண்டும் என்கிற ஆளும் நான் இல்லை. எஞ்சினை எஞ்சின் என்றே எழுதுகிறேன். 'சதுரங்கப் பொறி' என்று எழுதலாம்தான், ஆனால் எலிப்பொறி வைக்கிற ஊரில் அது எதிரிக்கு வைக்கிற கண்ணி என்றே கேட்கும். சதுரங்கத்தில் அதற்கும் வேலை இருக்கிறது. தூய்மையைவிடத் தெளிவு எனக்குப் பெரிது. இரண்டும் இல்லாத சொல்லைத்தான் பொறுக்க முடியவில்லை. இப்போது இயந்திர மொழிபெயர்ப்பு வேறு சேர்ந்துகொண்டது. அந்த வகுப்பில் கொடுத்த தாளில் சிப்பாயை 'அடகு' என்று போட்டிருந்தது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். கொடுத்தவர் படித்துப் பார்க்கவில்லை, வேறென்ன.

2020இல் ஸ்டாக்ஃபிஷ் எஞ்சின் நரம்பியல் வலையை (நியூரல் நெட்வொர்க்) சேர்த்துக்கொண்டது. ஜப்பானியச் சதுரங்கமான ஷோகி எஞ்சின்களில் பிறந்த உத்தி அது. எதற்கு எவ்வளவு என்ற எடைகளை மனிதர் கையால் எழுதாமல், கோடிக்கணக்கான நிலைகளைக் காட்டிப் பழக்குகிறார்கள். ஆனாலும் உள்ளே போவது நிலை, வெளியே வருவது எண். பெயரை மாற்ற வேண்டியதில்லை.

மறுவாரம் தம்பி என்னையே பேசச் சொன்னார். சிப்பாயில் நூறில் ஒரு பங்குக்கு என்ன சொல் என்று ஒரு பையன் கேட்டான். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே முன்வரிசைப் பெண் சொன்னாள்: "சிப்பாய் ஒரு ரூவான்னா, அது காசு சார்." பலகையில் இருந்த 1.1ஐ அழித்துவிட்டு '110 காசு' என்று எழுதினேன்.